மூன்றாவது டம்ளர்

ரூவி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில்
நான் டார்ச் அடிக்கும் தியேட்டரில்
இப்போது ஓடுகிற படத்தை
முப்பத்தேழு முறை பார்த்துவிட்டேன்.
பார்த்துவிட்டேன் என்பது பொய்.
திரைக்கு முதுகைக் காட்டி
சுவரோரம் நிற்பதுதான் என் வேலை.
நான் பார்ப்பது முகங்களை.

பேய் கிடையாது. ரத்தம் ஒரு சொட்டு இல்லை.
முதல் இருபது நிமிடம்
ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள், அவ்வளவுதான்.
வீட்டில் அவளும் புருஷனும்.
கழுவிக் கவிழ்த்தது
மூன்று டம்ளர்.

அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.
கடன் கொடுத்தவனைச் சந்தையில் கண்டவன்போல
கேமராவும் பார்க்காத பாவனையில்
நழுவிப் போய்விடும்.
அந்நேரம் அரங்கில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்.
குழந்தை ஒன்று மூத்திரம் வருகிறது என்கிறது.
ஆனாலும் கண் வாங்கிய கடன் அது.
உடம்புதான் பிறகு கட்டும்.

நாற்பதாவது நிமிடம் இசையை நிறுத்துவார்கள்.
பயத்துக்கு இசை வேண்டும் என்றிருந்தேன் நான்.
வேண்டாம். ஃபிரிட்ஜ் போதும்.
அது உறுமி நிற்கும்போதுதான்
இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது.
எஃப் வரிசையில்,
வியாழன்தோறும் டியூட்டி உடுப்போடு
தனியாக வரும் நர்ஸம்மா
கைப்பையை மடிக்கு இழுத்துக்கொள்வார்.

"இன்னும் தூங்கலையா?"
புருஷன் கேட்கிறான்.
எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.
கேட்டவன் கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான்
என்பதை மட்டும் காட்டவில்லை.

எழுபத்தோராம் நிமிடம்
ஒரு கைப்பிடி. பித்தளை.
திரும்பாது. திரும்பப்போகிறது என்றும் இல்லை.
முழுசாக நாற்பது நொடி, எண்ணியிருக்கிறேன்,
அதையே காட்டுவார்கள்.
இருநூறு பேர் மூச்சைப் பிடித்திருக்கும் அரங்கு
ஏசி இல்லாமலே குளிரும்.
கடைசி வரிசையில் இப்ரி லாரி டிரைவர் ஒருவன்
அப்போது பார்த்துச் சிரிப்பான்.
சிரிக்கிறவன் காலைத்தான் நான் கவனிப்பேன்.
முன்சீட்டின் கம்பியை அது
கொக்கிபோல் பற்றியிருக்கும்.

ஆப்பரேட்டர் லாசர் பீடியை அணைத்துக்கொண்டே சொன்னான்:
"கதவு தொறந்துட்டா படம் முடிஞ்சிது, மக்கா.
தொறக்காத கதவுக்குத்தான் டிக்கெட்டு."

கடைசி ஆட்டம் விட இரண்டு மணி.
ஹம்ரியா வரை நடை.
மலை இன்னும் பகலைக் கக்கிக்கொண்டிருந்தது.
மாவரைக்கும் கடை மூடியிருந்தது.
ஒரு பூனை,
பிறகு அந்தப் பூனையும் இல்லை.

எங்கள் அறையில் ஆறு பேர்.
கண்ணுச்சாமி ஊருக்குப் போய்ப் பத்து நாள்.
நான் வெளியே நிற்கிறேன்.
ஆக உள்ளே நால்வர்.
வாசலில் செருப்பு
ஐந்து ஜோடி.

என்னுடையது என் காலில் இருக்கிறது.
குனிந்து அதையும் பார்த்துக்கொண்டேன்.

நஜீமுக்கு சோஹாரிலிருந்து மச்சான் வந்திருக்கலாம்.
கண்ணுச்சாமி பழசை விட்டுப் போயிருக்கலாம்.
லாம், லாம் என்று
ஏழெட்டு காரணம் கையில் வந்துவிட்டது.
ஆனால் அந்த ஐந்தாவது ஜோடி
ஈரமாக இருக்கிறது.
மஸ்கட்டில் மழை பெய்து எட்டு மாதம்.
ஏசித் தண்ணீர் சொட்டுவது அந்தப் பக்கம்.

கைப்பிடியில் கை வைத்தேன்.
எங்களுடையது பித்தளை அல்ல,
இரண்டு முறை உடைந்து
கம்பி சுற்றிய பிளாஸ்டிக்.
உள்ளே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.
ஓடிக்கொண்டிருந்தது என்பது
அது நின்றபிறகுதான் தெரிந்தது.

"இன்னும் தூங்கலையா?"

தெரிந்த குரல்தான்.
நால்வரில் எவன் குரல் என்றுதான்
பிடிபடவில்லை.

டார்ச் சட்டைப்பையில் கிடக்கிறது.
திரும்பி அடித்துப்பார்க்கத் தோன்றவில்லை.
தோன்றவில்லை என்பதும் பொய்.